ஆடியோ ஆப்-ஆம்புக்கு ±12 போதுமா, ±18 வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். என்இ5532 (சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் இரண்டு அடங்கிய ஐ.சி., இனி 5532) இரண்டு போட்டு ஒரு ஸ்டீரியோ ப்ரீஆம்ப் கட்டப் போகிறீர்கள். முதல் கட்டத்தில் கெயின் (பெருக்கும் மடங்கு) 5, அதற்கப்புறம் பாஸ்-ட்ரெபிள் டோன் கண்ட்ரோல், கடைசியில் வால்யூம், அங்கிருந்து பவர் ஆம்ப். கையில் 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று சும்மா கிடக்கிறது. டேட்டாஷீட்டைத் திறந்தால் ±3-லிருந்து ±20 வோல்ட் வரை (கிரவுண்டுக்கு மேலே அவ்வளவு, கீழே அவ்வளவு) எதில் வேண்டுமானாலும் ஓடும் என்கிறது. பார்த்த சர்க்யூட்டுகளில் ஒன்று ±15, ஒன்று ±12, இன்னொன்று ஒற்றை 9 வோல்ட் பேட்டரி. நண்பர் ஒருவர் ±18 கொடுத்தால்தான் ஒலி விரிந்து வரும் என்கிறார். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் கேட்பது "எத்தனை வோல்ட்?" என்று, ஆனால் அடியில் இருக்கும் சந்தேகம், வோல்டேஜ் கூடினால் ஒலியின் தரம் கூடுமா என்பதுதான் என்று நினைக்கிறேன்.

கூடாது. சப்ளை வோல்டேஜ் என்பது கூரையின் உயரம் மாதிரி. ஆறடி ஆள் நிமிர்ந்து நடக்க ஏழடிக் கூரை போதும், இருபதடியில் கூரை போட்டால் அவர் வளர்ந்துவிடமாட்டார். ஆனால் அவர் குதிப்பாரா, தலையில் எதையாவது தூக்கி வைத்துக்கொண்டு நடப்பாரா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே கணக்கை வோல்டேஜிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் சர்க்யூட்டுக்குள் எந்த இடத்தில் சிக்னல் மிகப் பெரிதாக இருக்கும், அது எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த எண் தெரிந்துவிட்டால் வோல்டேஜ் தானாக வந்து உட்காரும்.

ஆப்-ஆம்புக்கு ±15 கொடுத்தால் வெளியீடு ±15 வரை போகாது. 5532 இரண்டு பக்கமும் சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் ±15-இல் கிடைப்பது ±13 உச்சம், ±12-இல் ±10, ±18-இல் ±16. இவை உச்ச மதிப்புகள். மல்டிமீட்டரும், கருவிகளின் விவரக் குறிப்பும் ஆர்எம்எஸ் என்கிற ஒருவகைச் சராசரிக் கணக்கில் பேசும், எனவே 1.414-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: ±15-க்கு 9.2 வோல்ட் ஆர்எம்எஸ், ±12-க்கு 7, ±18-க்கு 11.3. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு "2 வோல்ட் சிக்னல்தானே, ±3 சப்ளை போதுமே" என்று கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 2.83, சப்ளையில் இழப்பையும் சேர்த்தால் ±5 வேண்டும்.

இப்போது சிக்னல் பக்கம். சிடி பிளேயர், தனி டிஏசி (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் பெட்டி) போன்றவை முழு அளவில் 2 வோல்ட் ஆர்எம்எஸ் கொடுக்கும். போனின் ஹெட்போன் துளையிலிருந்து வருவது பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். மறுமுனையில், வீட்டுப் பவர் ஆம்ப் முழு பவருக்குக் கேட்பது ஏறக்குறைய 1 வோல்ட் ஆர்எம்எஸ். அதாவது வந்து சேர்வது 2, போய்ச்சேர வேண்டியது 1. பெருக்கவே வேண்டியதில்லை! அப்படியிருக்க உங்கள் சர்க்யூட்டில் கெயின் 5 ஏன் இருக்கிறது? கேசட் டெக், ட்யூனர் காலத்துச் சர்க்யூட்டாக இருக்கும். அப்போது உள்ளே வந்தது 200, 300 மில்லிவோல்ட், அதற்கு 5 சரி. இன்று அதே இடத்தில் 2 வோல்ட்டை மாட்டினால் முதல் கட்டத்திலேயே 10 வோல்ட் ஆர்எம்எஸ் ஆகிறது, உச்சம் 14.1. ±12-இல் வெட்டும், அதாவது அலையின் உச்சி சப்ளையில் இடித்துத் தட்டையாகும். ±15-இலும் வெட்டும். அதற்குமேல் டோன் கண்ட்ரோலில் பாஸை முழுக்கத் திருகினால் 12 டெசிபல், அதாவது நாலு மடங்கு. உச்சம் 56 வோல்ட்டைத் தாண்டும். இதைத் தாங்குகிற ஆப்-ஆம்ப் சப்ளை நீங்கள் பார்த்த எந்தச் சர்க்யூட்டிலும் இல்லை, நண்பர் சொல்லும் ±18 உட்பட.

இன்னொரு விஷயம், வால்யூம் கடைசியில் இருக்கிறது. அதனால் நீங்கள் மெதுவாகக் கேட்டாலும் முன்னால் இருக்கும் இரண்டு கட்டமும் எப்போதும் முழு சிக்னலைச் சுமந்துகொண்டிருக்கும். இந்த மாதிரி சர்க்யூட்டை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: வெளியே 100 மில்லிவோல்ட் சைன் அலை, வடிவம் மட்டும் தலையும் காலும் சீவிவிட்ட மாதிரி தட்டை. வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தட்டை போகாது, சின்னதாகிக்கொண்டே வரும், அவ்வளவுதான். "சத்தம் குறைவாக வைத்தாலும் கரகரக்கிறது" என்று யாராவது ப்ரீஆம்ப்பைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது வால்யூம் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

எனவே என் முதல் யோசனை சப்ளையைப் பற்றியதே இல்லை. வால்யூமை முன்னால் கொண்டுவாருங்கள், 10 கே (கிலோஓம்) லாக் பாட், அதாவது வால்யூமுக்கான திருகு ரெசிஸ்டர், போதும். முதல் கட்டத்தின் கெயினை 2 ஆக்குங்கள். உங்கள் சர்க்யூட்டில் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 22 கே, கிரவுண்டுக்குப் போவது 5.6 கே என்று எழுதியிருந்தீர்கள், அந்த 5.6 கே-வை எடுத்துவிட்டு இன்னொரு 22 கே போட்டால் கெயின் 2. (5532-க்கு இது பரவாயில்லை, அது கெயின் 1-இலும் நிலையாக இருக்கும். அதன் ஒற்றைத் தம்பி 5534 அப்படியில்லை, 3-க்குக் கீழே இறக்கினால் வெளியே ஒரு சின்ன கெப்பாசிட்டர் கேட்கும்.) இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்: ±12-லிருந்து ±15-க்கு ஏறினால் கிடைக்கும் கூடுதல் இடம் 2.3 டெசிபல். ±18 வரை ஏறினாலும் 4 டெசிபல்தான். அந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றுவது 8 டெசிபல் கொடுக்கிறது, அதுவும் எதுவும் சூடாகாமல். வால்யூமை முன்னால் நகர்த்தினால் சிறு ஒலியில் பின் கட்டங்களின் இரைச்சல் குறையாமல் நிற்குமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் 5532-இல் அந்த இரைச்சல் சில மைக்ரோவோல்ட் அளவு. 1 வோல்ட்டுக்கு முன்னால் அது கணக்கில் வராது.

இப்படி மாற்றிய பிறகு பவர் ஆம்ப் முழு பவரில் முக்கும்போது உங்கள் ப்ரீஆம்ப் தருவது 1 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 1.4. ±12 சப்ளையில் இருக்கும் இடம் 10. நடுவே 17 டெசிபல் சும்மா கிடக்கிறது. பாஸை முழுக்கத் திருகினாலும் முதலில் வெட்டப்போவது பவர் ஆம்ப்தான், ப்ரீஆம்ப் இல்லை. அதனால் உங்கள் வேலைக்கு ±12 தாராளம்.

அப்படியென்றால் ±15 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பழக்கம்தான். ஆப்-ஆம்ப் பிறந்தது ஆடியோவுக்காக இல்லை, அனலாக் கம்ப்யூட்டருக்காக. 1950-களின் தொடக்கத்தில் வந்த கே2-டபிள்யூ என்கிற வால்வு ஆப்-ஆம்ப் ±300 வோல்ட்டில் ஓடியது. ட்ரான்சிஸ்டர் காலம் வந்ததும் கணக்குச் சிக்னல் ±10 வோல்ட் என்று நிலைத்தது, அதைச் சுற்றி இரண்டு, மூன்று வோல்ட் விட்டால் ±15. 1968-இல் வந்த 741-இன் டேட்டாஷீட்டும் ±15-இல் அளந்தது, பிறகு வந்தவை எல்லாம் அதையே பிடித்துக்கொண்டன. ஆனால் மிக்ஸர் மாதிரி கருவிகளில் அந்த உயரத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது. அங்கே அடிப்படை அளவே +4 டிபியு (வோல்டேஜை டெசிபலில் சொல்லும் அளவு), அதாவது 1.23 வோல்ட் ஆர்எம்எஸ். மைக் முன்னால் யார் எப்போது கத்துவார்கள் என்று தெரியாது. பல சானல்கள் ஒன்றாகக் கூடுகின்றன. +20 டிபியுவுக்கு மேலும் இடம் விட வேண்டும். ±15-இல் 5532 கொடுப்பது +21.5 டிபியு. ±17-க்கு ஏற்றினால் ஒரு டெசிபல் சொச்சம் கூடும், அதற்காகவே ஏற்றுகிறவர்கள் உண்டு. வால்யூம் முன்னால் இருக்கிற வீட்டு ப்ரீஆம்ப்புக்கு அந்தக் கவலை கிடையாது.

இனி உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மர். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குவார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 12 என்பது ஆர்எம்எஸ், உச்சம் 17, டையோடு ஒன்றில் 0.7 போனால் கெப்பாசிட்டரில் 16.3. வோல்டேஜை 12-இல் நிலையாக நிறுத்தும் ரெகுலேட்டர் 7812-க்கு (மைனஸ் பக்கத்துக்கு 7912) வெளியீட்டை விட உள்ளே குறைந்தது 2 வோல்ட் கூடுதல் வேண்டும், அதாவது 14. இரண்டு 5532 குடிப்பது வழக்கமாக 16 மில்லிஆம்பியர், மோசமான பட்சத்தில் 32. ஒவ்வொரு பக்கமும் 1000 மைக்ரோஃபாரட் வைத்தால், 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ரிப்பிள் (மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) 0.3 வோல்ட்டைத் தாண்டாது. மெயின்ஸ் பத்து சதவீதம் இறங்கிவிட்டது என்று வையுங்கள்: 16.3 இருந்த இடத்தில் 14.6, ரிப்பிளின் பள்ளத்தில் 14.3. மயிரிழையில் தப்பித்தோம், ஆனால் தப்பித்தோம். ±12 இந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பொருந்துகிறது.

இதே ட்ரான்ஸ்ஃபார்மரில் 7815, 7915 போட்டு ±15 எடுக்க முயன்றால்? மெயின்ஸ் சரியாக இருக்கும்போதே 1.3 வோல்ட்தான் மிச்சம், ரெகுலேட்டர் கேட்பது 2. மேசையில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 15 காட்டும், ஏனென்றால் சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள் லேசான சுமையில் எழுதியிருப்பதைவிட இருபது, இருபத்தைந்து சதவீதம் அதிகமாகவே தரும். நாமும் சரியாகிவிட்டது என்று மூடிவிடுவோம். ஒரு மாலை மெயின்ஸ் இறங்கும், ரெகுலேட்டர் கையை விட்டுவிடும், ரிப்பிள் நேராக ரெயிலுக்கு (ஐ.சி.க்குச் சப்ளை போகும் கம்பிக்கு) வரும், ஸ்பீக்கரில் ஹம் உறுமும். அப்புறம் கிரவுண்டு ஒயரைத் தேடி இரண்டு நாள் போகும். ±15 வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 15-0-15 வாங்குங்கள், 20.5 கிடைக்கும், பத்து சதவீதம் இறங்கினாலும் 18.4. ஒழுங்கான ±12, தள்ளாடுகிற ±15-ஐ விட எந்த நாளும் மேல்.

ரெகுலேட்டரே வேண்டாம் என்று விடுவதும் ஒரு பொறிதான். பல வருடம் முன்னால் ஒரு அவசர வேலைக்கு 12-0-12, பிரிட்ஜ், இரண்டு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் என்று கட்டி டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப்பை மாட்டினேன். "12 வோல்ட் தானே" என்ற எண்ணம். நாலு நாள் பாடியது. ஐந்தாம் நாள் ஒரு சானல் பிளஸ் ரெயிலில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மீட்டரை வைத்தேன்: ±19.6. அந்தப் பழைய டிஎல்072-இன் தாங்கும் எல்லை ±18. அது நாலு நாள் ஓடியதுதான் ஆச்சரியம்.

இதை ஒட்டியே டேட்டாஷீட் படிக்கிற விதம் பற்றி ஒரு வார்த்தை. அதில் இரண்டு எண் இருக்கும். ஒன்று இயங்கும் வரம்பு, இன்னொன்று தாங்கும் எல்லை. இரண்டாவது, அதைத் தாண்டினால் செத்துப்போகலாம் என்ற எச்சரிக்கை. அது வரை ஓட்டலாம் என்ற அனுமதி இல்லை. 5532-க்கு அந்த எல்லை ±22, எனவே ±18 கொடுத்தாலும் அது தாங்கும். ஆனால் நீங்கள் சாக்கெட் போடப் போகிறீர்கள், ஆறு மாதம் கழித்து வேறு ஐ.சி. மாற்றிப் பார்க்கும் ஆசை வரும், வராமல் இருக்காது. ஓபிஏ2134 ±18 வரைதான் இயங்கும், எல்எம்4562 ±17 வரைதான். ±18 ரெயிலில் அவற்றை மாட்டினால் ஒன்று விளிம்பில் நிற்கும், மற்றது விளிம்பைத் தாண்டிவிடும். ±15-க்குக் கீழே இருந்தால் இந்தக் கவலை ஏறக்குறைய இல்லை. அப்புறம், சிக்னலை மாற்ற 4053, 4066 மாதிரி சுவிட்ச் ஐ.சி.க்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அவற்றுக்கு மொத்தமே 18 வோல்ட்தான் சொல்லியிருப்பார்கள். ±12 கூட அதிகம். அவற்றுக்குத் தனியாக ±7.5 செய்துகொடுக்க வேண்டும். அடுத்து வருவது 3.3 வோல்ட்டில் ஓடும் ஏடிசி (சிக்னலை டிஜிட்டலாக்கும் ஐ.சி.) என்றால், அதன் வாசலில் தடுப்பு டையோடு இல்லாமல் ±12-இல் ஓடும் ஆப்-ஆம்ப்பை நேராக மாட்டாதீர்கள், பவர் ஆன் செய்யும் நொடியிலேயே கதை முடிந்துவிடலாம்.

9 வோல்ட் பேட்டரி சர்க்யூட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது தப்பான சர்க்யூட் இல்லை, வேறு வேலைக்கான சர்க்யூட். 9-ஐ நடுவில் பிரித்தால் ±4.5, 5532-இன் இழப்பு போக ±2.5, அதாவது 1.77 வோல்ட் ஆர்எம்எஸ். சிடி பிளேயரின் 2 வோல்ட்டை அப்படியே கடத்தக்கூடப் போதாது, பேட்டரி 7-க்கு இறங்கினால் இன்னும் மோசம். 5532-இன் 8 மில்லிஆம்பியர் பசியும் பேட்டரிக்கு ஒத்துவராது. கிட்டார் பிக்கப் மாதிரி சின்ன சிக்னலுக்கு அது சரிப்படும். கிட்டார் பெடல் கட்டுகிறவர்கள் வெட்டுப்படுவதையே ஒரு ருசியாக வைத்திருக்கிறார்கள், அந்த உலகத்தில் நான் அதிகம் வேலை செய்ததில்லை, என் கணக்கை அங்கே திணிக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஒற்றை சப்ளையில் நடுப்புள்ளியை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால் அந்தப் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் சப்ளையில் இருக்கும் குப்பையில் பாதி நேராக உள்ளீட்டுக்குள் போகும், ஆப்-ஆம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைச் சிக்னல் என்று நினைத்துப் பெருக்கும். டிஎல்072-ஐக் குறைந்த சப்ளையில் ஓட்டினால் இன்னொரு குணமும் தலைகாட்டும்: உள்ளீடு மைனஸ் ரெயிலுக்கு மிக அருகில் போனால் வெளியீடு திடீரென்று எதிர்ப் பக்கம் பாயும். சாதாரண வெட்டைவிட அது காதுக்கு ரொம்பக் கொடூரம்.

பேட்டரியிலிருந்து மைனஸ் ரெயில் எடுக்க ஐசிஎல்7660 மாதிரி சார்ஜ் பம்ப் போடும் வழக்கமும் உண்டு. அது 10 கிலோஹெர்ட்ஸ் சுற்றில் துடிக்கும், அதாவது காதுக்குக் கேட்கும் இடத்தில். மெல்லிய "கீ" என்ற ஒலி வந்தால் அதுதான். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

வோல்டேஜை ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நினைப்பு பொய்த்துப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஹெட்போன். 5532-ஆல் தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 30 மில்லிஆம்பியர் உச்சம் என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனில் அது 1 வோல்ட்டைக்கூடத் தொடாது, 14 மில்லிவாட்தான். அங்கே ±12 கொடுத்தாலும் ±18 கொடுத்தாலும் ஒரே சத்தம், ஐ.சி. மட்டும் கூடுதலாகக் கொதிக்கும். அதே 30 மில்லிஆம்பியர் 300 ஓம் ஹெட்போனில் 9 வோல்ட் உச்சம், 135 மில்லிவாட். அங்கே வோல்டேஜ் உண்மையிலேயே உதவுகிறது. இரண்டு, வேகம். எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப்பின் வெளியீடு ஒரு மைக்ரோசெகண்டில் 0.3 வோல்ட்தான் நகரும். 20 கிலோஹெர்ட்ஸில் அதனால் 2.4 வோல்ட் உச்சத்துக்குமேல் ஒழுங்கான சைன் அலை தர முடியாது, 30 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் அதே கதிதான். 5532 மைக்ரோசெகண்டுக்கு 9 வோல்ட்; 10 வோல்ட் உச்சத்துக்குத் தேவை 1.3 கூட இல்லை, எனவே உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலே இல்லாமல் ஒரு 5532, ±12-இல் 192 மில்லிவாட் எரிக்கும், ±15-இல் 240, ±18-இல் 288. எட்டுக்கால் பெரிய உறையில் இது விரலில் வெதுவெதுப்பாகத் தெரியும், ஆபத்தில்லை. சிறிய உறையில், மூடிய பெட்டிக்குள், பத்துப் பன்னிரண்டு ஐ.சி. வரிசையாக இருந்தால் அப்போது இந்த வித்தியாசம் பேசும்.

சரி, நண்பர் சொன்ன "விரிந்து வரும்" விஷயம். இதுவரை சொன்னது எல்லாம் கணக்கு, எவர் அளந்தாலும் வரும். இதற்குமேல் சொல்வதை என் அனுபவம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்படாத வரைக்கும் சப்ளையை மாற்றுவதால் 5532-இன் இரைச்சலும் டிஸ்டார்ஷனும் நான் அளந்தவரை பேசுகிற அளவுக்கு மாறவில்லை. ஜேஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) உள்ளீடு கொண்ட ஆப்-ஆம்ப்களில், அதுவும் சிக்னல் பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாக வந்து நான்-இன்வெர்ட்டிங் (பிளஸ்) உள்ளீட்டில் பெரிதாக ஆடும்போது, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் சிக்னலோடு சேர்ந்து மாறுவதால் டிஸ்டார்ஷன் கூடும். சப்ளை உயர்ந்தால் அது சற்றுக் குறையலாம். கருவியில் தெரியும் வித்தியாசம் அது. காதுக்குக் கேட்குமா என்றால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருமுறை இரட்டை பெஞ்ச் சப்ளையில் கெயின் 1 வைத்து ஒரு 5532-ஐ மாட்டி, 2 வோல்ட் பிளேயரிலிருந்து பாட்டு ஓடும்போதே ±15-லிருந்து மெல்ல இறக்கினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நண்பர் ±12-இலும் ஒன்றும் சொல்லவில்லை, ±8-இலும் சொல்லவில்லை. ±5-ஐத் தாண்டி இறங்கியதும் ட்ரம் அடி விழும் இடத்தில் மட்டும் ஒரு கரகரப்பு வந்தது, அப்போதுதான் திரும்பினார். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மாலை. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நண்பரையும் இப்படி உட்காரவைத்துப் பார்க்கலாம், பெஞ்ச் சப்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

அவர் கேட்ட வித்தியாசம் பொய் என்றும் சொல்லவில்லை. கெயின் அதிகமாக வைத்த சர்க்யூட் ±12-இல் உச்சங்களில் வெட்டிக்கொண்டிருந்திருக்கலாம், ±18-இல் அது நின்றிருக்கலாம். விரிந்ததாகக் கேட்டது அதுவாக இருந்தால் கேட்டது சரி, காரணம்தான் வேறு.

கட்டும்போது ஒவ்வொரு 5532-இன் பக்கத்திலும், கால்களை ஒட்டி, பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 100 நானோஃபாரட் செராமிக் ஒன்று போடுங்கள். ஆப்-ஆம்ப் சப்ளைக் குப்பையைத் தானே தள்ளிவிடும் என்பது தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் உண்மை. மேலே போகப் போக அந்தத் திறன் சரியும், 5532-க்கு அந்த கெப்பாசிட்டர் இல்லாமல் சத்தமில்லாமல் ஆஸிலேட் ஆகும் (தானே அதிரும்) பழக்கமும் உண்டு. ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் கெப்பாசிட்டர்கள் 35 வோல்ட் வகை, பின்னால் 25 வோல்ட். 7812-ம் 7912-ம் பார்க்க இரட்டைப் பிள்ளைகள், கால்கள் மட்டும் வேறு: 7812-இல் உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு, 7912-இல் கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. 7912-இன் உலோக முதுகும் கிரவுண்டு இல்லை, உள்ளீடு, எனவே இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் நேராகத் திருகிவிடாதீர்கள். ஐ.சி.க்களை மாட்டுவதற்கு முன் வெறும் சாக்கெட்டில் கிரவுண்டிலிருந்து 8-ஆம் காலுக்கு +12, 4-ஆம் காலுக்கு −12 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பவரை அணைத்து, கெப்பாசிட்டர்கள் இறங்க ஒரு நிமிடம் விட்டு, ஐ.சி.யை மாட்டுங்கள். வராவிட்டால் எந்தக் காலில் எவ்வளவு காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.